ஆலை வந்தது, வீடு வரவில்லை

பிள்ளைப்பாக்கத்து ஏரியைச் சூழ்ந்த நிலப்பரப்பில் இன்று ஆலைக்கூரைகளே மிகுதி. அண்மையிலுள்ள திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு, பல்லாயிரவர் வேலையிழந்ததை நாம் மறக்கவில்லை. 2020இன் கொரோனா முடக்கத்துக்குப் பின் ஆலைகள் மீண்டும் ஆட்களை அழைத்தன. உறைவிடத்தைப் பற்றியோ எவரும் போதிய கவலை கொண்டிலர். 2021 டிசம்பரில், பூந்தமல்லி விடுதியொன்றில் தங்கியிருந்த பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி நோயுற்றனர். உடன் உழைத்த பெண்கள் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். இப்பகுதித் தொழிலாளர் குடியிருப்பின் வரலாற்றை அந்தச் சாலையிலிருந்தே தொடங்க வேண்டுமென்பது நம் கருத்து. 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் எழுப்பிய மகளிர் தங்குமிடம் திறக்கப்பட்டது. அதன் அளவு 18,720 படுக்கைகள். ஆம், படுக்கைக் கணக்குதான்! குடும்பத்தோடு வாழ விழைவோர் இன்னும் வாடகை வீடுகளையே தேடி அலைகின்றனர்.