செம்பாறை நாட்டுச் சாலைகள்

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரு புள்ளியில் கூடும் இடத்தைச் சுற்றி விரிந்திருப்பது கொலராடோ பீடபூமி. பரப்பு ஏறத்தாழ 3,37,000 சதுர கிலோமீட்டர். செந்நிற மணற்கல் அடுக்குகளாலான இந்த வறண்ட மேட்டு நிலத்தைக் கொலராடோ ஆறும் அதன் கிளையாறுகளும் ஆழமாக அறுத்துச் சென்றிருக்கின்றன. அப்படி அறுபட்ட பள்ளங்களே கேன்யன்கள். தனியாக மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுபவர்களின் கனவுப் பாதைகளில் முதல் வரிசையில் வருவது இந்த நிலம்தான். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேபிடல் ரீஃப், பிரைஸ் கேன்யன், சயான், கிராண்ட் கேன்யன் என்று ஆறு தேசியப் பூங்காக்களை ஒரே பயணத்தில் தொட்டுவிடலாம். ஆனால் அந்தப் பயணி ஓட்டிச் செல்லும் சாலைகளில் சுற்றுலாவுக்கென்றே போடப்பட்டவை குறைவு. மாடு ஓட்டியவர்களும் தபால் சுமந்தவர்களும் யுரேனியம் தேடியவர்களும் தத்தம் பிழைப்புக்காக வெட்டிய வழிகளே பெரும்பாலானவை.

இங்கே குறுக்கே போவதுதான் கடினம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் நின்றால் வடக்கு விளிம்பு கண்ணுக்குத் தெரியும். நேர்கோட்டில் சுமார் 16 கிலோமீட்டர். சாலை வழியே அங்கே போய்ச் சேர 345 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஆற்றில் இறங்கி, கடந்து, மறுகரையில் ஏறுவதற்குத் தோதான இடங்கள் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்தன. அந்த இடங்களைப் பின்தொடர்ந்தால் இப்பகுதியின் சாலை வரலாறு முழுதும் விளங்கிவிடும்.

பியூப்லோ மக்களின் முன்னோர்கள் செங்குத்துப் பாறைகளில் கைவிரலும் கால்விரலும் பதியும் அளவுக்குக் குழிகள் கொத்தி ஏறி இறங்கினார்கள். அவர்களுக்குப் பின் யூட், பையூட், நவஹோ மக்களும் தங்கள் ஒற்றையடிப் பாதைகளை அறிந்திருந்தார்கள். 1776 ஜூலையில் சாந்தா ஃபேயிலிருந்து கலிஃபோர்னியாவின் மான்டெரேக்கு வழி தேடிப் புறப்பட்ட டோமிங்கஸ், எஸ்கலாந்தே என்ற பிரான்சிஸ்கன் துறவிகள், குளிர்காலம் நெருங்கவே பாதி வழியில் திரும்பினார்கள். திரும்பும் வழியில் கொலராடோ குறுக்கிட்டது. உணவு தீர்ந்து, குதிரைகளையே அறுத்துத் தின்னும் நிலை வந்தது. கடைசியில் நவம்பர் 7 அன்று பாறையில் படிகள் வெட்டி விலங்குகளை இறக்கி ஆற்றைக் கடந்தார்கள். பின்னாளில் அவ்விடம் பாதிரிமார் கடவு என்றே பெயர் பெற்றது. 1829க்குப் பிறகு சாந்தா ஃபேக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே வணிகம் நடத்திய கோவேறு கழுதைக் கூட்டங்களில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலே வேண்டாமென்று கேன்யன்களுக்கு வெகு வடக்கே, இன்றைய மோஆப், கிரீன் ரிவர் ஊர்கள் வழியாகச் சுற்றிப் போயின.

சுற்றிப் போக மறுத்தவர்களின் கதை 1879இல் தொடங்குகிறது. சால்ட் லேக் நகரில் குடியேறியிருந்த மார்மன் சபை, தென்கிழக்கு யூட்டாவில் சான் ஹுவான் ஆற்றங்கரையில் புதுக் குடியிருப்பு ஒன்றை நிறுவ முடிவு செய்தது. சுமார் 250 பேர், 83 வண்டிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள். குறுக்கு வழியில் போனால் ஆறு வாரத்தில் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிட்டார்கள். கிளென் கேன்யனின் மேற்கு விளிம்பை அடைந்தபோது, ஆயிரம் அடி கீழே ஆறு ஓடியது. பின்னால் மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது. திரும்பவும் வழியில்லை. பாறைச் சுவரில் ஓர் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பிளவு மட்டும் இருந்தது.

அந்தப் பிளவை வண்டி போகும் அகலத்துக்கு விரிக்க ஆறு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்துப் பழகிய பெஞ்சமின் பெர்கின்ஸ் வெடி வைக்கும் வேலையை ஏற்றார். பிளவின் அடியில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அங்கே பாறை வழவழவென்று சரிந்து நின்றது. தளம் வெட்ட நேரமும் இல்லை, வெடிமருந்தும் போதவில்லை. எனவே பாறைச் சரிவில் வரிசையாகத் துளைகள் போட்டு, அவற்றில் ஓக் மர முளைகளை அடித்து இறுக்கி, முளைகளின் மேல் மரக்கட்டைகளைக் கிடத்தி, சுள்ளியும் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள். வண்டியின் உள்பக்கச் சக்கரம் பாறையில் வெட்டிய தடத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இந்தப் பரணிலும் உருள வேண்டும். 1880 ஜனவரி 26 அன்று வண்டிகள் இறங்கத் தொடங்கின. சக்கரங்களைச் சங்கிலியால் பிணைத்து உருளவிடாமல் செய்து, பின்னாலிருந்து ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்த, ஒவ்வொன்றாகக் கீழே வந்து சேர்ந்தன. ஏப்ரல் 6 அன்று அவர்கள் பிளஃப் என்ற இடத்தில் குடியேறியபோது ஆறு வாரப் பயணம் ஏறக்குறைய ஆறு மாதமாக நீண்டிருந்தது. வழியில் ஒருவரும் சாகவில்லை. இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன. இவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாதைக்கு ஆயுள் ஓராண்டு. 1881இல், பிளவின் அடியில் படகு விட்டுவந்த சார்லஸ் ஹால் தம் படகுத்துறையை ஆற்றின் மேல்பக்கம் எளிதான ஓரிடத்துக்கு மாற்றிக்கொள்ள, பாறைப் பிளவைத் தேடிப் போவாரில்லை.

ஆற்றின் கீழ்ப்பக்கம், கிராண்ட் கேன்யன் தொடங்கும் வாயிலில், 1870களின் தொடக்கத்தில் ஜான் டி. லீ நிறுவிய படகுத்துறை அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. அப்பகுதியில் கரைக்குக் கரை வண்டி இறங்கக்கூடிய இடம் அதுதான். 1928 ஜூனில் படகு கவிழ்ந்து மூவர் இறந்தனர். சற்றுத் தொலைவில் பாலம் கட்டி முடியும் தறுவாயில் இருந்ததால் படகுச் சேவை மீண்டும் தொடங்கப்படவில்லை. பாலத்தின் மறுபக்கத்துக்கு ஒரு பொருள் கொண்டுபோக வேண்டுமானாலும் பாலம் முடியும்வரை சுமார் 1,300 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது. ஆற்றுமட்டத்திலிருந்து 467 அடி உயரத்தில் நிற்கும் நவஹோ பாலம் 1929 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1995இல் பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் வந்தபின், பழையது நடந்து செல்வோருக்கு விடப்பட்டது.

இந்தப் பாலங்களெல்லாம் வருமுன்பே அமெரிக்கக் கண்டத்தை மோட்டார் சைக்கிளில் கடந்தவர்கள் உண்டு. 1903 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்ட ஜார்ஜ் வைமன் 50 நாளில் நியூயார்க் சேர்ந்தார். அவர் வண்டி ஒன்றேகால் குதிரைத்திறன் கொண்ட, இன்றைய மொபெட்டை ஒத்த ஒன்று. நெவாடா, யூட்டா பாலைவனத்தில் சாலை என்ற பேச்சுக்கே இடமில்லாததால் ரயில் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் மேல் தடதடவென்று ஓட்டிப் போனார். நியூயார்க்கை நெருங்கும்போது எஞ்சின் செத்துவிட, மீதித் தூரத்தை பெடல் மிதித்தே முடித்தார். 1916இல் நியூயார்க்கிலிருந்து மேற்கே இரண்டு இண்டியன் மோட்டார் சைக்கிள்களில் வந்த ஆகஸ்டா, அடலைன் வான் ப்யூரன் சகோதரிகள் சால்ட் லேக்குக்கு மேற்கே பாலையில் வழிதவறி, தண்ணீர் தீரும் நிலையில், கனிமம் தேடி அலைந்த ஒருவரால் காப்பாற்றப்பட்டார்கள். இவர்களில் எவரும் கேன்யன் நாட்டுக்குள் நுழையவில்லை. ரயில் போன வழியிலேயே சக்கரமும் போயிற்று. கேன்யன்களுக்கு நடுவே ரயில் இல்லை.

ரயில் நிறுவனங்கள் விளிம்புவரை வந்து நின்றன. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்கு 1901இல் ரயில் வந்தது. சயான் 1919இலும் பிரைஸ் 1928இலும் தேசியப் பூங்கா ஆயின. யூனியன் பசிபிக் நிறுவனம் சீடார் சிட்டியில் பயணிகளை இறக்கி, அங்கிருந்து பேருந்துகளில் பூங்காக்களைச் சுற்றிக் காட்டியது. சயானுக்குக் கிழக்கே மதில்போலப் பாறை நின்றதால் அந்தச் சுற்று தேவையின்றி நீண்டது. அதை உடைக்க 1927இல் தொடங்கிய வேலை, சுற்றுலாவை மனத்தில் வைத்தே இங்கே செய்யப்பட்ட அரிய சாலைப் பணிகளில் ஒன்று. பள்ளத்தாக்கிலிருந்து ஆறு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் சாலை, 1.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. சுரங்கத்தை இரு முனைகளிலிருந்து மட்டும் குடையாமல், பாறை முகத்தில் சாரம் கட்டி ஏறிச் சன்னல்கள் வெட்டி, அந்தச் சன்னல்களிலிருந்து இருபுறமும் குடைந்தார்கள். உடைத்த கல்லை அதே சன்னல் வழியே கீழே தள்ளினார்கள். 1930 ஜூலை 4 அன்று திறப்பு விழா. உள்ளே விளக்கு கிடையாது. கண்கூசும் வெயிலிலிருந்து கும்மிருட்டுக்குள் புகும் பைக் ஓட்டுநருக்குச் சில நொடிகள் எதுவும் தெரியாது. கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் பாடு இன்னும் மோசம். பிறகு ஒவ்வொரு சன்னலாக வெளிச்சம் வெட்டிப் போகும். பெரிய பேருந்துகள் நடுவில் மட்டுமே போக முடிந்ததால், அவை வரும்போது எதிர்ப்பக்கத்தை நிறுத்திவைக்கும் முறை பின்னாளில் வந்தது. மறுமுனையில் சாலையே செந்நிறம். எரிமலைச் சாம்பற்கல்லைக் கலந்து போட்ட தளம் அது.

சயானில் சுரங்கம் திறந்த காலத்தில், கிழக்கே போல்டர் என்ற சிற்றூருக்குத் தபால் கோவேறு கழுதை முதுகில் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கப் பெருநிலத்தில் நெடுங்காலம் அப்படித் தபால் பெற்ற ஊர்களில் ஒன்று அது. ஊர்ப் பண்ணைகளின் பாலேடும் கேன்களில் கழுதைச் சுமையாகவே எஸ்கலாந்தே ஊருக்குப் போயிற்று. ஒரு லாரியைப் பாகம் பாகமாகக் கழற்றிச் சுமந்து வந்து ஊரில் மறுபடி பூட்டி ஓட்டினார்கள் என்று கூறப்படுகிறது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்ற இளைஞர்களுக்காக 1933இல் தொடங்கிய பொதுப்பணிப் படையினர் இரு ஊர்களுக்கும் இடையே மலைமேல் ஒரு கோடைக்காலச் சாலையும், பின்னர் கீழே பாறைநிலத்தின் வழியே ஆண்டு முழுதும் ஓடும் சாலையும் போட்டனர். இரண்டாவது சாலை ஓரிடத்தில் இருபுறமும் கிடுகிடு பள்ளமாக, நடுவில் ஒரு பாறை முதுகின்மேல் போகிறது. தடுப்பு ஏதும் கிடையாது. போல்டரிலிருந்து வடக்கே மலையேறும் பகுதிக்கு 1985இல்தான் தார் வந்தது. அங்கே சாலை 9,600 அடி உயரத்தைத் தொடுவதால், காலையில் பாலை வெயிலில் வெந்த ஓட்டுநர் மதியம் பனியில் நடுங்க நேரிடும். நெடுஞ்சாலை 12 என்ற பெயரில் இன்று மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது இந்தத் தபால் பாதையைத்தான்.

அடுத்து வந்தது அணுகுண்டு. 1952இல் மோஆபுக்குத் தென்கிழக்கே சார்லி ஸ்டீன் செழிப்பான யுரேனியத் தாதுவைக் கண்டெடுத்ததும், கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். தாதுவை வாங்கும் ஒரே ஆளான அணுசக்தி ஆணையம் சாலைகளுக்கும் பணம் கொடுத்தது. புல்டோசர் போன இடமெல்லாம் வழியாயிற்று. கேன்யன்லேண்ட்ஸில் விளிம்புக்குக் கீழே சுமார் 160 கிலோமீட்டர் சுற்றிவரும் ஒயிட் ரிம் பாதை அப்படிப் பிறந்தது. அங்கே கிடைத்த யுரேனியம் சொற்பம். 1958இல் ஹேப்பி ஜாக் சுரங்கத்தின் தாதுவை மெக்சிகன் ஹாட் ஆலைக்குக் கொண்டுசெல்ல வெட்டிய மோக்கி டக்வே, ஐந்து கிலோமீட்டரில் 1,200 அடி இறங்கும் சரளைக்கல் சாலை. தாது லாரிகள் இறங்கிய அதே கொண்டை ஊசிகளில் இன்று பைக்குகள் இறங்குகின்றன. இந்தச் சுரங்க யுகத்தின் விலையைக் கொடுத்தவர்களில் முன்னே நிற்பவர்கள் நவஹோ தொழிலாளர்கள். காற்றோட்டமில்லாத குழிகளில் உழைத்துப் பலர் நுரையீரல் புற்றுநோய்க்குப் பலியாயினர். இழப்பீட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது.

கிளென் கேன்யனில் ஹைட் என்ற இடத்தில் 1946இல் ஆர்த் சாஃபின், பழைய ஃபோர்டு காரின் எஞ்சினைப் பூட்டி, கம்பிவடத்தில் இழுபடும் கார்ப்படகு ஒன்றை ஓட்டினார். 1963இல் கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. அணைக்குப் பின்னால் தேங்கிய பவல் ஏரி ஏற ஏற, சாஃபினின் துறை, ஹாலின் துறை, துறவிகள் படி வெட்டிய கடவு, பாறைப் பிளவின் அடிவாரம் எல்லாம் நீருக்குள் போயின. மாற்றாக எழுந்த பாலங்கள்மீது நெடுஞ்சாலை 95 போடப்பட்டு 1976இல் முழுதும் தார்ச்சாலையானது. கேபிடல் ரீஃபில் 1884இல் திறந்த மலையிடுக்குப் பாதையில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பாறைகளை உருட்டி அகற்றிக்கொண்டிருந்த வேலைக்கும் 1962இல் ஓய்வு கிடைத்தது; புதிய சாலை ஃப்ரீமான்ட் ஆற்றோரமாகச் சென்றது.

மோட்டார் சைக்கிள்கள் இந்நிலத்தைத் தமதாக்கிக்கொண்டது இந்தத் தார் விரிந்த பிறகே. 1969இல் மோஆபின் வழவழப்பான மணற்கல் மேடுகளில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு பாதை குறிக்கப்பட்டது. மலைச் சைக்கிள்காரர்களின் புண்ணியத் தலமாகப் பின்னர் அது பெயர் பெற்றாலும், முதலில் போடப்பட்டது மோட்டார் சைக்கிள்களுக்கே. அதே ஆண்டு வெளியான ‘ஈஸி ரைடர்’ திரைப்படம் மான்யுமென்ட் வேலியின் பாறைத் தூண்களுக்கிடையே இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டது. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள், நவஹோ மக்களின் பழங்குடிப் பூங்காவாக உள்ள அப்பள்ளத்தாக்கின் மண் சாலைச் சுற்றில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை என்பதை வாயிலில் அறிகிறார்கள்.

தனியாக வருபவர் கணக்கிட வேண்டியது முதலில் பெட்ரோல். சான் ரஃபேல் பகுதியை ஊடுருவும் 70ஆம் எண் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவரிலிருந்து சலைனாவரை 170 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கூட இல்லை. அடுத்து மழை. ஜூலை முதல் செப்டம்பர்வரை பிற்பகல் இடிமழையில், தலைக்குமேல் வெயில் அடித்தாலும், எங்கோ மேலே பெய்த நீர் வறண்ட ஓடையில் சேறும் மரமுமாகப் பாய்ந்து வரும். தார் போடாத சாலைகளில் சாம்பல்நிறக் களிமண் நனைந்தால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகி, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். காயும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாவற்றையும் தார் போட்டு மூடுவது சரிதானா என்ற வழக்கும் பழையதே. ஆர்ச்சஸில் 1950களில் காவலராக இருந்த எட்வர்ட் அபி, 1968இல் வெளியிட்ட ‘டெசர்ட் சாலிடேர்’ நூலில், பூங்காக்களுக்குள் கார்களையே விடக்கூடாது என்று வாதிட்டார். கால்நடை ஓட்டப் பிறந்த பர் பாதைக்குத் தார் போடுவது 1980களில் நீதிமன்றம்வரை போயிற்று. போல்டரிலிருந்து கேபிடல் ரீஃப் எல்லைவரை இன்று தார், பூங்காவுக்குள்ளே கொண்டை ஊசிகள் இன்னும் சரளைக்கல். சயான் பள்ளத்தாக்கின் உட்சாலையில் 2000ஆம் ஆண்டு முதல் கூட்டம் மிகுந்த மாதங்களில் பூங்காப் பேருந்துகளே ஓடுகின்றன; மோட்டார் சைக்கிளில் வருபவரும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும்.