கூடாரங்களில் நடந்த வகுப்பு

சாதத் ஹசன் மண்ட்டோவின் 'தோபா தேக் சிங்' சிறுகதையை வாசித்தவர்கள் அதன் இறுதிக் காட்சியை மறப்பதில்லை. இரு தேசங்களின் முள்வேலிகளுக்கு நடுவே, எவருக்கும் சொந்தமில்லாத துண்டு நிலத்தில் பிஷன் சிங் விழுந்து கிடக்கிறான். கதை கற்பனை, பின்னணி கற்பனையன்று. 1950இல் லாகூர் மனநோய் மருத்துவமனையிலிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் இந்தியாவுக்கும், இந்தியாவிலிருந்த முஸ்லிம் நோயாளிகள் பாகிஸ்தானுக்கும் மெய்யாகவே கைமாற்றப்பட்டார்கள். இப்பக்கம் வந்தவர்களில் பெரும்பாலோர் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கதையைப் பற்றிப் பேசிச் சலிக்காத நாம், அந்த மருத்துவமனையில் அடுத்து நடந்ததைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

அக்காலத்து மனநோய் மருத்துவமனை என்பது உயர்ந்த மதிற்சுவர். நோயாளியை வாசலில் ஒப்படைத்துவிட்டு உறவினர் திரும்பிவிடுவர். பொய் முகவரி கொடுத்துவிட்டு மறைந்தவர்களும் உண்டு. உள்ளே சென்றவர் குணமடைந்தாலும் அழைத்துச் செல்ல ஆளிராது. அமிர்தசரஸில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர் 1950களில் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். ஒப்படைத்துவிட்டுப் போகாதீர்கள், கூடவே தங்குங்கள் என்றார். தங்க இடமேது? மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் எழுந்தன. தாயும் தமையனும் மனைவியும் அங்கேயே தங்கினர். நோயாளிக்குத் தாமே சோறூட்டினர், குளிப்பாட்டினர், இரவில் அருகில் படுத்துக்கொண்டனர்.

இதைப் பெரிய தத்துவமாக அவர் தொடங்கினார் என்று நாம் கருதவில்லை. நோயாளிகள் மிகுதி, பணியாளர் சொற்பம் என்ற நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் கூடாரங்களில் தங்கிய உறவினரை அவர் வெறும் பணியாளராக வைத்துக்கொள்ளவில்லை, மாணவர்களாக்கினார். அவர்களைக் கூட்டமாக அமர்த்தி நோயைப் பற்றி விளக்கினார். இது பேயன்று, முன்வினையன்று, தீராத சாபமுமன்று என்பதைக் கேட்பதோடு, பக்கத்துக் கூடாரத்துக்காரர் தெளிந்து வருவதைக் கண்ணாலும் கண்டனர். நோயாளிகள் விரைவில் தேறியதாகவும், மனநோய் தீராது என்னும் பழைய நம்பிக்கை உறவினர்களிடையே தளர்ந்ததாகவும் வித்யா சாகர் பின்னாளில் எழுதினார். இந்தியாவில் மனநோயாளியின் குடும்பத்துக்கென நடந்த முதல் வகுப்புகளுள் இவற்றையும் வைத்து எண்ண வேண்டும். (பிரிவினையில் உறவுகளைத் தொலைத்துவிட்டு லாகூரிலிருந்து வந்தவரின் அருகே யார் கூடாரமடித்திருப்பார்கள் என்ற கேள்வியும் நம்மை விடுவதில்லை.)

அமிர்தசரஸின் இந்தப் பாடம் தமிழ்நாட்டிலும் நடந்தது. 1957இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, நகரை அடுத்த பாகாயத்தில் மனநல மையமொன்றைத் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அதன் முன்னோடி. அங்கே நோயாளி தனியாகச் சேர்வதில்லை. குடும்பத்தார் ஒருவரேனும் உடன் தங்க வேண்டும். உறவினர் சமைத்தார்கள், மருத்துவரின் பேச்சைக் கேட்டார்கள், மருந்தின் பெயரையும் வேளையையும் கற்றார்கள். இம்முறையைப் பற்றிய கட்டுரையொன்று 1963இல் அமெரிக்க உளமருத்துவ இதழில் வெளியாயிற்று.

அந்த நாள்களில் மேலைநாடுகளில் குடும்பத்துக்கு இருந்த இடம் வேறு. 1948இல் ஃபிரீடா ஃப்ராம் ரைக்மன் என்ற உளமருத்துவர், 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்றொரு சொல்லை எழுதிவைத்தார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தச் சொல்லின் கீழ் தலைகுனிந்து நின்றனர். 1958இல் ஜார்ஜ் பிரவுன் முதலானோர் லண்டனில் வெளியிட்ட ஆய்வும், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய நோயாளிகளைவிட வாடகை விடுதிக்குத் திரும்பியவர்களே மேலாக இருந்தனர் என்றது. பின்வந்தோர் இதிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தனர்: ஓயாத குறைகூறலும் அளவு மீறிய தலையீடும் நோயை மீண்டும் கிளறுமென்றால், அவற்றைக் குறைக்கக் குடும்பத்துக்குச் சொல்லித்தரலாம். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் வகுப்பறைக்கு வந்தது இப்படித்தான். 1979இல் விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில், மனச்சிதைவு கொண்ட மகன்களின் தாய்மாரான ஹேரியட் ஷெட்லர், பெவர்லி யங் ஆகிய இருவர் தொடங்கிய சந்திப்பிலிருந்து ஒரு தேசிய அமைப்பே வளர்ந்தது. 1991இல் வெர்மாண்டில் ஜாய்ஸ் பர்லண்ட் வகுத்த பாடத்திட்டத்தில் பன்னிரண்டு வார வகுப்புகள். கட்டணமில்லை. நடத்துபவர் மருத்துவரல்லர், பயிற்சி பெற்ற இன்னொரு நோயாளியின் உறவினர். நம் கூடாரங்களில் மருத்துவர் பேசினார், அங்கே தாய்மாரே பேசினர் என்ற இந்த வேறுபாடு சிறியதன்று.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வோடு குடும்பங்களுக்குக் கற்பிப்பதையும் அது தன் பணியாகக் கொண்டது.

இவ்வளவும் எழுதியபின் ஏர்வாடியை எழுதாமல் விட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவை நம்பி வந்தோருக்கென நடத்தப்பட்ட காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். வேலூரில் குடும்பங்களுக்குக் கற்பிக்கத் தொடங்கி அப்போது நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களை அங்கே விட்டுச்சென்ற உறவினரைக் கல்நெஞ்சர் என்று நாளிதழ் வாசகர் கடிதங்களின் தொனியில் ஏசிவிடலாம். நமக்கு அதில் உடன்பாடில்லை. கைவிட நினைப்பவன் வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு நோயாளியுடன் பேருந்து மாறி மாறி அவ்வளவு தூரம் போகமாட்டான். அவர்களிடம் குறைந்தது அன்பன்று. பாகாயத்தில் சொல்லப்பட்டது அவர்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவே. நாற்பது ஆண்டுகளாக ஒரு மாநிலம் தன் கையிலிருந்த பாடத்தை ஊர்தோறும் கொண்டுசெல்லவில்லை என்பதே நம் வழக்கு.

தீ விபத்துக்குப்பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் கூடாதென்று தடைசெய்தது. வகுப்புகள் ஆங்காங்கே நடக்கின்றன. அவற்றில் இன்றும் உறவினர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுமாங்க?"