எந்த மண்ணில் பிறந்த வருமானம்?

நெல் அறுவடைக்கு வந்ததும் வயலில் ஒரு சதுரம் கட்டுவார்கள். பக்கத்துக்கு 5 மீட்டர். அதை எங்கே கட்டுவது என்று வயல்காரரும் சொல்ல முடியாது, வந்திருக்கும் அலுவலரும் சொல்ல முடியாது. சமவாய்ப்பு எண் அட்டவணைதான் சொல்லும். நான்கு முனையிலும் முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். பட்ஜெட் நாளில் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தி இத்தனை லட்சம் கோடி என்று படிக்கிறார்களே, அந்த எண்ணின் ஒரு வேர் இந்த 25 சதுர மீட்டரில் இருக்கிறது.

முன்பெல்லாம் கண்மதிப்புதான். முழு விளைச்சல் பதினாறணா, பாதி என்றால் எட்டணா. 1940-களில் சுகாத்மே போன்ற புள்ளியியலாளர்கள் அறுவடைப் பரிசோதனையை முறைப்படுத்திய பிறகே அணாக் கணக்கு மெல்லப் பின்வாங்கியது.

ஆனால் நாட்டின் வருமானத்தை அளக்கும் ஆசை அதைவிடப் பழையது. தாதாபாய் நவ்ரோஜி 1867-68-க்கான விளைச்சலை மாகாணம் மாகாணமாகக் கூட்டி, தலைக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் என்று கண்டார். சிறைக் கைதியின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆகும் செலவை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இந்தியாவில் வருமானக் கணக்கு தொடங்கியதே ஒரு நியாயம் கேட்கும் குரலாகத்தான்.

காஞ்சிபுரத்தில் பிறந்த பொருளியலாளர் வி.கே.ஆர்.வி. ராவ் 1931-32-க்கான கணக்கில், விளைந்ததைக் கூட்டும் உற்பத்தி வழியையும் ஈட்டியதைக் கூட்டும் வருமான வழியையும் இணைத்தார். 1949-இல் புள்ளியியலாளர் மகலனோபிஸ் தலைமையில் அமைந்த தேசிய வருமானக் குழுவில் அவரும் பொருளியலாளர் காட்கிலும் உறுப்பினர்கள். நாட்டுக்கு ஓர் எண் கிடைத்தது; மாநிலத்துக்கு? 1956-இல் மாநில எல்லைகள் மாறியதால் பழைய மாகாணக் கணக்கு புதிய மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் கணக்கிட்டது. ஒப்பிடத்தக்க பொதுமுறை வகுக்கவே 1972-இல் பேராசிரியர் எம். முகர்ஜி தலைமையில் வட்டாரக் கணக்குகள் குழு அமைந்தது.

சிக்கலின் மையம் இங்கேதான். சென்னையில் புறப்பட்டு டெல்லி போய்ச் சேரும் ரயில் ஈட்டும் வருமானம் எந்த மாநிலத்துடையது? ரயில்வே, தகவல் தொடர்பு, வங்கி, மத்திய அரசு நிர்வாகம் ஆகியவற்றை மாநிலம் தானே அளக்க முடியாது. மொத்தத்தைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கிட்டு, குறியீடுகளின்படி பங்கிட்டுத் தருகிறது. 2011-12-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் தொழில்துறையிலும் இதே நிலை வந்தது. கம்பெனி தன் கணக்கை மொத்தமாகத்தான் தாக்கல் செய்கிறது. பதிவு அலுவலகம் மும்பையிலும் ஆலை ஸ்ரீபெரும்புதூரிலும் இருந்தால் அந்தக் கணக்கு மாநிலத்தைக் காட்டாது; அந்த வரிசையில் தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பங்கீடு எவ்வளவு முக்கியமோ, அதைப் பற்றிய பொது விவாதம் அவ்வளவு குறைவு. இது சரியல்ல.

எண்கள் நிலையாகவும் நிற்பதில்லை. 2024-25-க்குத் தமிழ்நாட்டின் உண்மை வளர்ச்சி, அதாவது விலையேற்றத்தைக் கழித்த வளர்ச்சி, 9.69 சதவீதம் என்று முதலில் வந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது 11.19 ஆகத் திருத்தப்பட்டது. முழுத் தரவு வரவர மதிப்பீடு மாறுவது இயல்பே. ஆகவே ஓராண்டு எண்ணைவிட நீண்ட காலப் போக்கே நம்பகமானது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 1960-61-இல் நாட்டின் உற்பத்தியில் 10.5 சதவீதம் வைத்திருந்த மேற்கு வங்கம் 2023-24-இல் 5.6-க்கு இறங்கியது. தென்னகத்தின் ஐந்து மாநிலங்கள் சேர்ந்து 30 சதவீதத்தைத் தொட்டன.

இந்தப் பங்குகள் எல்லாமே வருமானம் பிறக்கும் இடத்தைப் பார்ப்பவை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒடிசாக்காரர் வாங்கும் கூலி தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறும். அதில் அவர் ஊருக்கு அனுப்பும் பணம் ஒடிசாவின் கணக்கில் ஏறாது. வளைகுடாப் பணத்தில் எழுந்த கேரளத்து வீடு கட்டுமானமாக எண்ணப்படும். அந்தப் பணம் எண்ணப்படாது. வருமானம் எந்த மாநிலத்தவரிடம் போய்ச் சேர்கிறது என்று சொல்லும் இன்னொரு ஏட்டுக்கு மாநில எல்லையைத் தாண்டும் சம்பளம், வட்டி, லாபம் எல்லாம் தெரிய வேண்டும். மாநில எல்லையில் அதைப் பதியும் சாவடி எதுவும் இல்லை.