கல்வெட்டு முதல் கப்பல் பதிவேடு வரை: விருத்தாசல வட்டாரத்தில் முன்னோர் தேடல்

விருத்தாசல வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடுபவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏடு எதுவும் இல்லை. கோயில் சுவர், வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், குலதெய்வக் கோயில், மாதா கோயில், கடல் கடந்த ஆவணக் காப்பகம் எனச் சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வகை மனிதரையே பதிவு செய்தது. கொடை கொடுத்தவர் கல்லில் இடம்பெற்றார். நிலம் வைத்திருந்தவர் பட்டாவில் இடம்பெற்றார். இரண்டுக்கும் வழியில்லாத கூலிக்காரரின் பெயர் பெரும்பாலும் அவர் ஊரைவிட்டுப் போன பிறகே காகிதத்தில் ஏறியது.

மிகப் பழைய பெயர்கள் மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தகிரீசுவரர் கோயிலில் இருக்கின்றன. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய இந்தக் கோயிலைக் கண்டராதித்த சோழனின் தேவி செம்பியன் மாதேவி 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தார். விளக்குக்கும் அமுதுபடிக்கும் ஆடும் பொன்னும் நிலமும் கொடுத்தவர்களின் பெயரும் ஊரும் கோயில் சுவர்களில் வெட்டப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட காடவராயர்களின் தலைமுறை வரிசையைப் பாட்டாகவே சொல்லும் கல்வெட்டும் இங்கு உண்டு. வம்ச வரலாற்றைத் தேடுபவருக்கு அதுவே ஊரின் முதல் ஏடு. ஆனால் அந்தக் கல்வெட்டுப் பெயர்களுக்கும் இன்று வாழும் குடும்பங்களுக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. ‘இன்னார் எங்கள் மூதாதை’ என்று கல்லைக் காட்டிச் சொல்பவர்கள் நடுவிலுள்ள தலைமுறைகளை நிரப்பிக் காட்ட முடிவதில்லை.

தொடர்ச்சியான பதிவுகள் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்குகின்றன. 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. விருத்தாசலம் அடங்கிய தென்னாற்காடு மாவட்டத்தில், உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை நிலைத்தது. ஒவ்வொரு வயலுக்கும் எண்ணும் பட்டாதாரர் பெயரும் எழுதப்பட்டன. ‘அ’ பதிவேடும் சிட்டாவும் அடங்கலும் அந்த வழியில் வந்தவையே. 1860களில் ஆவணப் பதிவுச் சட்டம் வந்தபின் கிரயம், அடமானம், பாகப்பிரிவினைப் பத்திரங்கள் சேர்ந்தன. இவற்றில் குடும்ப வரலாற்றுக்கு அதிகம் உதவுவது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி யார், இறந்த அண்ணனின் மைனர் பிள்ளைக்குக் கார்டியன் யார், கிணற்றில் யாருக்கு எத்தனை முறைத் தண்ணீர் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பெண்களின் பெயர் மட்டும் அபூர்வம். சீதனம், ஜீவனாம்சம், விதவைப் பங்கு என்று ஏதாவது பேச்சு வந்தால்தான் தலைகாட்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். நிலத்தின் நான்கு எல்லையையும் ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் தாத்தாவையும் பேரனையும் ஒருவராகவே எண்ணிவிட நேரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871 முதல் நடந்தாலும் வீடுவாரியான பழைய படிவங்கள் காக்கப்படவில்லை. மேலை நாடுகளில் முன்னோரைத் தேடுபவர்கள் முதலில் எடுக்கும் அந்தக் கருவி இங்கே கிடையாது.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது குலதெய்வம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுபவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை. ஊர் மாறிப்போன கிளைகளும் முடியிறக்கவும் காதுகுத்தவும் அதே கோயிலுக்கு வருவதால், தலைக்கட்டு வரி எழுதும் நோட்டே பங்காளிகளின் பட்டியலாகிறது. பெயர்களும் துப்புத் தரும். கொளஞ்சி, கொளஞ்சியப்பன் என்ற பெயர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில் அதிகம் வழங்குபவை. வேறு மாவட்டத்தில் அப்படி ஒரு தாத்தா இருந்தால் விருத்தாசலம் பக்கம் விசாரிப்பது வீண்போகாது.

கிறித்தவக் குடும்பங்களுக்கு வழி இன்னும் எளிது. விருத்தாசலத்துக்கு வடக்கே உள்ள கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் மாதா கோயில் எழுப்பினார். விருத்தாசலத்து அம்மனுக்குரிய பெரியநாயகி என்ற பெயரையே மாதாவுக்கும் சூட்டினார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவைப்பது திருச்சபை மரபு. ஞானப் பெற்றோரின் பெயரும் அதில் இருப்பதால் தாய்வழி உறவும் தெரியவரும்.

நிலமில்லாதவர்களின் வரலாற்றுக்குக் கடல் கடந்துதான் போகவேண்டும். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். தென்னாற்காடு, வடாற்காடு, செங்கல்பட்டு ஊர்கள் பட்டியல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று பத்திபத்தியாக எழுதினார்கள். ஊரில் எந்த ஏட்டிலும் இல்லாத பெண்ணுக்குக்கூட அங்கே தனி வரி உண்டு. மொரீஷியசின் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அவற்றோடு பலருடைய புகைப்படங்களும் உள்ளன. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப் போனவர்களைப் பிரெஞ்சு ஆவணங்களில் தேடவேண்டும். இந்தப் பதிவேடுகளை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். விருத்தாசலத்தை ஆங்கிலேயர் ‘வெர்டாசெல்லம்’ என்றும் எழுதியதுண்டு. ஆகவே எழுத்துக்கூட்டலை நம்பாமல் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே சரியான முறை. மாவட்டத்தின் பெயரையும் தென்னாற்காடு என்றே தேடவேண்டும். விருத்தாசலம் இன்று அடங்கியுள்ள கடலூர் மாவட்டம் அதிலிருந்து 1993இல்தான் பிரிந்தது.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரமாக்கியது இருபதாம் நூற்றாண்டுக் குடியேற்றம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் பீங்கானுக்கு ஏற்றது. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, சுரங்கத்துக்காகச் சுற்றுக் கிராமங்கள் காலிசெய்யப்பட்டன. பூர்வீக ஊரே மறைந்துபோன அந்தக் குடும்பங்களுக்கு நிலமெடுப்பு ஆவணங்கள்தாம் கடைசிச் சான்று. யாருக்கு எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு நிலமும் மரமும் கிணறும் இருந்தன என்பது அவற்றில் பதிவானது. அந்த வெள்ளைக் களிமண்ணை நம்பி விருத்தாசலத்தில் அரசின் செராமிக் தொழிற்பேட்டையும் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் வந்தன. பல ஊர்களிலிருந்து வந்த இளைஞர்கள் ஷெட் பிடித்து, பொதுச் சூளையில் முறைவைத்துச் சுட்டு, பியூஸ் கேரியரும் பொம்மையும் கோப்பையும் செய்தார்கள். குயவர் குலத்துக்கு வெளியிலிருந்து மண் தொழிலுக்கு வந்த முதல் தலைமுறைகளில் அவர்களும் அடக்கம். அச்சில் வார்த்து, பிசிறு தேய்த்து, பளபளப்புக் கலவையில் முக்கி எடுத்த பெண்களின் உழைப்பு இந்தத் தொழிலில் பெரும்பங்கு.

அந்த முன்னோடிகளைப் பற்றிய சான்று ஷெட் ஒதுக்கீட்டு ஆணைகளிலும் வருகைப் பதிவேடுகளிலும் கூலி நோட்டுகளிலும்தான் இருக்கமுடியும். பட்டறை மூடினால் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது அந்த நோட்டுகளே. அவற்றை வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடும் முன் ஒரு நகலாவது எடுத்துவைக்க வேண்டும். முதல் சூளையில் வேலை செய்தவர்களின் பெயர்களைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.