லண்டன் மேஃபேர் வீடுகள்: ஜன்னல் மட்டும் ஏன் உள்ளே தள்ளி இருக்கு?

லண்டனின் பணக்காரப் பகுதிகளில் ஒன்று மேஃபேர். ஹனோவர் சதுக்கம், குரோவ்னர் சதுக்கம், புரூக் ஸ்ட்ரீட் எல்லாம் இங்கேதான் இருக்கு. 1714-ல் முதலாம் ஜார்ஜ் மன்னரானதும் தொடங்கிய காலத்தை ஜார்ஜியன் காலம் என்கிறார்கள். அப்போது கட்டிய செங்கல் வீடுகள் சில இங்கே இன்றும் நிற்கின்றன. இவ்வளவு வசதியானவர்கள் கட்டிய வீட்டு முகப்பு ஏன் இத்தனை எளிமை? ரசனை ஒரு காரணம். இன்னொன்று, தீ பயம்.

சட்டம் என்ன சொன்னது?

1666-ல் பெருந்தீயில் லண்டன் நகரின் பெரும்பகுதி எரிந்து போனது. அதன் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக இறுகின.

* 1667: நகரில் வெளிச்சுவர் செங்கல் அல்லது கல்லில்தான் இருக்கணும்.
* 1707: கூரை விளிம்பில் மர வேலைப்பாடு கூடாது. அதனால் சுவரை மேலே உயர்த்திக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். தெருவில் நின்றால் கூரை பாதி மறைந்துவிடும்.
* 1709: மர ஜன்னல் சட்டம் சுவரின் வெளிமுகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே இருக்கணும். தீ ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இந்த விதிகளை எல்லாரும் உடனே கடைப்பிடிக்கவில்லை. அதனால் ஜன்னலை மட்டும் பார்த்து வீட்டின் வயதைச் சொல்லிவிட முடியாது.

எப்படி அடையாளம் காண்பது?

* பழுப்பு அல்லது சிவப்புச் செங்கல் சுவர். ஜன்னலுக்கு மேல் லேசான வளைவு, அதில் தேய்த்துச் சீராக்கிய பளிச் சிவப்புச் செங்கல்.
* மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல்கள். கண்ணாடிகளுக்கு நடுவே தடித்த மரச் சட்டங்கள்.
* முதல் மாடி ஜன்னல்கள்தான் பெரும்பாலும் உயரம். விருந்தினரை வரவேற்கும் அறை அங்கேதான். மேலே போகப் போக ஜன்னல் சிறுத்துவிடும்.
* வாசலில் இரும்புக் கம்பி வேலி. அதற்குக் கீழே நிலவறையில் சமையலறை, வேலைக்காரர்களின் புழக்கம்.

அடைத்த ஜன்னல் எல்லாம் வரிக்காகவா?

இல்லை. ஜன்னல் வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. சிலர் அதற்காகவே ஜன்னலை அடைத்தார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும் என்று, கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்த வீடுகளும் நிறைய.

இன்று பார்க்க முடியுமா?

இசையமைப்பாளர் ஹேண்டல் 1723 முதல் 1759-ல் இறக்கும் வரை வாழ்ந்த 25, புரூக் ஸ்ட்ரீட் வீடு இப்போது அருங்காட்சியகம். இதுபோல அரசுப் பட்டியலில் உள்ள வீடுகளின் தன்மை மாறும்படி அனுமதியில்லாமல் கை வைத்தால் அது குற்றம். சொந்த வீடாக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது.