உடல்தோற்றமும் உணவும் (விளையாட்டு)
விளையாட்டு வீரர் தம் உடலை எப்படி மதிக்கிறார், அதற்கேற்ப எப்படி உண்கிறார் என்பது. பிறரின் பழிச்சொல்லும், இனத்தை இழிக்கும் பேச்சும்கூட, இந்த மதிப்பைக் கெடுக்கும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகர் சிரம்பானில் பிறந்த பூப்பந்து வீராங்கனை எஸ். கிசோனா 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றவர். 2021 சுடிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டி அரையிறுதியில் ஜப்பானின் அகானே யமாகுச்சியிடம் தோற்றதும், ஓர் அரசியல்வாதி அவரது இனத்தைப் பழித்து, எந்தத் தோட்டத்திலிருந்து பிடித்து வந்தார்கள் என்று எழுதினார். எதிர்ப்பு கிளம்பியபின் மன்னிப்புக் கேட்டார். ரப்பர்த் தோட்டத்தில் உழைத்த தலைமுறைகளையே இழித்த பேச்சு அது, மன்னிப்பால் தீராது.

மெலிய வேண்டி வயிற்றைக் காயவிடுவது இன்னொரு கேடு. பயிற்சிக்கு ஈடாக உண்ணாவிட்டால் பெண்களுக்கு மாதவிடாய் தவறலாம், எலும்பும் வலுவிழக்கலாம். இந்த ஆற்றல் பற்றாக்குறையைப் பற்றி 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு அறிக்கை வெளியிட்டது. பயிற்சிக்கு முன் இட்லியோ வாழைப்பழமோ, பின்பு சோற்றோடு பருப்பும் மீனும் முட்டையும் வயிறார உண்ண வேண்டும்.