சவப்பெட்டி தாங்கிய நாவல்

இத்தொடரின் முன்னைய உரைகளில் நாவலின் கதைப்பின்னலைப் பற்றியும் பாத்திர வார்ப்பைப் பற்றியும் பேசினோம். இன்று குறியீடு, படிமம் என்னும் இரு உத்திகளை எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவர் தமது கடிதத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: "குறியீடு என்பது நாவலாசிரியர் கதையை எழுதி முடித்தபின் மேலே பூசும் வர்ணந்தானே? அதைச் சுரண்டி எடுத்துவிட்டாலும் கதை நிற்குமல்லவா?"

நியாயமான கேள்வி. நம்மிடையே வெளிவரும் நாவல்கள் சிலவற்றைப் படிக்கும்போது நேயரின் சந்தேகத்திற் பிழையில்லை என்றே தோன்றும். கதாநாயகி அழும்போதெல்லாம் வெளியே மழை பொழிகிறது. யாராவது இறக்குந் தறுவாயில் விளக்கு அணைகிறது. அந்த மழையையும் விளக்கையும் எடுத்துவிட்டால் நாவலுக்கு ஒரு நட்டமும் வராது. சிலவேளை இலாபமே வரும்.

ஆனால், ஒரு பெரிய நாவலிலிருந்து அதன் முக்கியமான குறியீடு உண்மையாகவே நழுவிப்போன சம்பவம் இலக்கிய வரலாற்றில் உண்டு. நாவல் நின்றதா விழுந்ததா என்பதை வைத்தே நேயரின் கேள்விக்கு விடை தேடலாம் என்று நினைக்கிறேன்.

1851ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலண்டனில் பென்ட்லி என்ற பதிப்பாளர் 'திமிங்கிலம்' என்ற பெயரில் மூன்று பாகங்களாக ஒரு நாவலை வெளியிட்டார். எழுதியவர் ஹேர்மன் மெல்வில் என்னும் அமெரிக்கர். அப்போது வயது 32. அடுத்த மாதம் நியூயோர்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் அதே நாவலை 'மொபி டிக்' என்ற பெயரில் வெளியிட்டது. பெயரை மாற்றும் முடிவு இலண்டனுக்கு எட்டுமுன் அங்கே அச்சுவேலை முடிந்துவிட்டது. இரண்டு பதிப்புகளுக்குமிடையே வேறு வித்தியாசங்களும் இருந்தன. மதத்தையும் முடியாட்சியையும் சீண்டும் பகுதிகளை இலண்டன் பதிப்பிற் கத்தரித்திருந்தார்கள். முடிசூட்டு விழாவில் அரசரின் தலையிற் பூசப்படுவது திமிங்கில எண்ணெயாகத்தான் இருக்கவேண்டும் என்று கேலி செய்யும் அத்தியாயம் முழுதாகவே காணாமற் போயிற்று. இவை தெரிந்து செய்தவை. தெரியாமல் நேர்ந்தது ஒன்று: நாவலின் கடைசியில் வரும் சிறிய பின்னுரை இலண்டன் பதிப்பில் இல்லை. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் பகுதி அது. அச்சகத்தில் எங்கோ தவறியிருக்கவேண்டும் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

கதையை அறியாத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெக்குவொட் என்ற கப்பல் திமிங்கில வேட்டைக்குப் புறப்படுகிறது. அதன் தலைவன் ஆகாப்பின் ஒரு காலை மொபி டிக் என்ற வெண்திமிங்கிலம் முன்னொரு பயணத்திற் பறித்துவிட்டது. எண்ணெய்க்காக வந்த கப்பலை அவன் தனது பழிதீர்க்கும் பயணமாக மாற்றிவிடுகிறான். இறுதியில் திமிங்கிலம் மோதிக் கப்பல் மூழ்க, ஆகாப்பும் மாலுமிகளும் மாள்கிறார்கள். கதையைச் சொல்பவன் இஸ்மவேல் என்ற சாதாரண மாலுமி. அவன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்பதைச் சொல்வதுதான் அந்தப் பின்னுரை.

அது இல்லாத புத்தகத்தை வாசித்த இலண்டன் விமர்சகர்கள் என்ன செய்வார்கள்? எல்லோரும் இறந்துவிட்டார்களென்றால் இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னது யார் என்று சிலர் கேட்டார்கள். நாவல் இலக்கணமே தெரியாத எழுத்தாளர் என்ற தீர்ப்பு எழுந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் சிலவும் தம் கையிலிருந்த பதிப்பைப் புரட்டிப் பாராமல் இலண்டன் தீர்ப்பையே எடுத்து அச்சிட்டன. பெரிய நகரத்துப் பத்திரிகை சொன்னதை வேதவாக்காகக் கொள்ளும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பதில் ஓர் ஆறுதல்.

அந்தப் பின்னுரையில் இஸ்மவேலைக் காப்பாற்றுவது ஒரு சவப்பெட்டி. அதன் பாதையைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து பாருங்கள். நாவலின் முதற் பந்தியிலேயே இஸ்மவேல், மனம் சோர்ந்தால் தான் சவப்பெட்டிக் கடைகளின் முன் நின்றுவிடுவதாகவும், எதிர்ப்படும் இறுதி ஊர்வலங்களின் பின்னால் நடப்பதாகவும் சொல்கிறான். அவன் தங்கும் விடுதிக்காரனின் குடும்பப் பெயரே 'சவப்பெட்டி' என்ற பொருள் தருவது. வேட்டைத் துறைமுகமான நன்டக்கெட்டில் அது சாதாரணமாக வழங்கிய பெயர் என்பதால் வாசகன் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறான்.

அதே விடுதியில் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொண்டதால் இஸ்மவேலுக்கு நண்பனாகிறான், தென்கடல் தீவொன்றைச் சேர்ந்த குயீக்குவெக் என்ற எறியீட்டிக்காரன். நடுக்கடலில் அவனுக்குக் கடுங்காய்ச்சல் வருகிறது. தன் ஊர்த் தோணியைப் போல ஒரு சவப்பெட்டி செய்து தரும்படி கேட்கிறான். கப்பலின் தச்சன் அவனை உயிரோடு அளவெடுத்துச் செய்து கொடுக்கிறான். குயீக்குவெக் அதிற் படுத்துப் பார்க்கிறான். பிறகு கரையிலே செய்யவேண்டிய கடமையொன்று நினைவுக்கு வந்ததாம், சாவதில்லை என்று தீர்மானித்து எழுந்துவிடுகிறான்! பெட்டி அவனுடைய உடுப்புப் பெட்டியாகிறது. தன் உடம்பிற் பச்சை குத்தியிருந்த கோலங்களை அதன் மூடியிற் செதுக்குகிறான். வானத்தையும் பூமியையும் பற்றிய முழு ஞானத்தையும் அவன் தீவின் ஞானி ஒருவர் அந்தக் கோலங்களில் எழுதிவைத்தாராம். சுமந்து திரிபவனுக்கோ அதை வாசிக்கத் தெரியாது. பின்னர் ஒரு மாலுமி கடலில் விழ, அவனுக்கென வீசப்பட்ட மிதவையும் அவனோடு தாழ்ந்துவிடுகிறது. மிதவை செய்ய வேறு வழியின்றி அந்தச் சவப்பெட்டியையே ஆணியடித்து மூடி, இடுக்குகளை அடைத்துக் கீல் பூசி, சுற்றிலும் கயிறுகள் கட்டிக் கப்பலின் பின்புறத்தில் தொங்கவிடுகிறார்கள். கப்பல் மூழ்கிய சுழியிலிருந்து மேலே எழும்பி வருவது அதுதான்.

இதில் எந்த இடத்திலும் ஆசிரியர் வந்து, மரணமே வாழ்வுக்கு வழி என்று வியாக்கியானம் செய்யவில்லை. மிதவையாகிவிட்ட சவப்பெட்டியைப் பார்த்து ஆகாப் ஒரு கணம் அந்த எண்ணத்தைத் தொட்டுவிட்டு அப்பால் நகர்கிறான். மற்றபடி அது தச்சன் செய்த ஒரு மரப்பெட்டி. அளவு உண்டு, கீல் மணம் உண்டு. கதைக்குள் அதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தபோது வர்ணம் போகவில்லை, கதைசொல்லியின் உயிரே போயிற்று.

படிமத்துக்கும் குறியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே பார்க்கலாம். ஆகாப்பின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் தழும்பை, மின்னல் இறங்கிய பெருமரத்தின் கோட்டுக்கு ஒப்பிடுகிறார் மெல்வில். அது படிமம், கண்ணுக்கு முன்னால் ஆளை நிறுத்துகிறது. ஆனால், அவன் ஊன்றி நிற்கும் கால் திமிங்கிலத்தின் தாடையெலும்பிற் செய்தது. கப்பலின் சுக்கான் கைப்பிடியும் அத்தகைய தாடையெலும்பே. இரவில் கொழுப்பை உருக்கும் அடுப்புக்கு விறகாவதும் உருகி வற்றிய திமிங்கிலச் சக்கைதான். வெறுப்பவன் தான் வெறுப்பதன் மேலேயே நிற்கிறான் என்று ஓரிடத்திலும் எழுதாமல், திரும்பத் திரும்ப வரும் பொருள்களால் அதை உணரவைக்கிறாரே, அங்கே படிமம் குறியீடாக வளர்ந்துவிடுகிறது.

நம் பழைய இலக்கணகாரர் இதை அறியாதவரல்லர். உள்ளுறையை அந்தந்த நிலத்தின் கருப்பொருளிலிருந்து, அதாவது அங்கே வாழும் விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றிலிருந்து பிறக்கவேண்டும் என்றது தொல்காப்பியம். தெய்வத்தை மட்டும் விலக்கியது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதல்ல, நிலத்திலே ஏற்கெனவே கிடப்பதைப் பேசவைப்பது. மெல்வில் தொல்காப்பியத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவருடைய கடலில் அவர் செய்தது அதுவே.

அந்தக் கடலை அவர் புத்தகத்திற் கற்றவரல்லர். 1841 ஜனவரியில் அக்குஷ்நெட் என்ற வேட்டைக் கப்பலிற் சாதாரண மாலுமியாகச் சென்றவர். 1820 நவம்பரில் பசுபிக் சமுத்திரத்தில் எசெக்ஸ் என்ற கப்பலை ஒரு திமிங்கிலம் மோதி மூழ்கடித்தது. தப்பிய துணைத்தலைவர் ஓவன் சேஸ் அடுத்த ஆண்டே அந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். மெல்வில் அந்நூலைக் கடலிலேயே, சேஸின் மகனிடம் வாங்கிப் படித்தார். சிலி நாட்டுக் கரையோரம் திரிந்த 'மோக்கா டிக்' என்ற வெண்திமிங்கிலத்தைப் பற்றி 1839இல் ஒரு நியூயோர்க் சஞ்சிகையிற் கட்டுரை வந்திருந்தது. இத்தனையும் அவருக்குக் கிடைத்த மூலப்பொருள்.

இதற்குமேல் நாவலின் நடுவே திமிங்கிலத்தின் இனங்கள், எலும்பு, தோல், கொழுப்பு, எண்ணெய் எடுக்கும் முறை என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதிச் செல்கிறார். எங்கள் திருகோணமலைக் கடலில் இன்றும் காணப்படும் ஸ்பேர்ம் திமிங்கிலமே அவர் கதையின் திமிங்கிலம். இப்பகுதிகள் வாசகனைச் சலிக்கவைப்பவை என்ற குற்றச்சாட்டு அன்றுமுண்டு, இன்றுமுண்டு. சில பக்கங்கள் நீளந்தான், மறுக்கவில்லை. ஆயினும் என் எண்ணத்தில் அவையே அந்த நாவலின் அடித்தளம். நாவலின் 45ஆம் அத்தியாயத்தில் மெல்வில் தமது அச்சத்தையே வெளிப்படுத்துகிறார்: கரையில் வாழ்வோர் தமது திமிங்கிலத்தை வெறும் உருவகக் கதை என்று ஒதுக்கிவிடக்கூடாதே என்று. அதனாலேயே உண்மைச் சம்பவங்களைச் சாட்சியாக அடுக்குகிறார். திமிங்கிலம் முதலில் திமிங்கிலமாக இருக்கவேண்டும். தொன் கணக்கில் நிறை இருக்கவேண்டும். அதன்பிறகே அது வேறெதுவுமாகும்.

வெண்மை பற்றி ஒரு தனி அத்தியாயமே உண்டு. தூய்மைக்கும் மங்கலத்துக்கும் உரிய நிறம், அரசர்களின் வெள்ளை யானை, நீதிபதியின் வெண்ணங்கி என்று தொடங்கி, அதே வெண்மை பனிக்கரடியிலும் பிணத்தின் முகத்திலும் ஏன் நம்மை நடுங்கவைக்கிறது என்று கேட்டுச் செல்கிறார். ஐரோப்பிய வாசகனுக்கு இது புதிராக இருந்திருக்கலாம். போயா தினத்தில் வெள்ளையுடுத்து விகாரைக்குச் செல்வோரையும், மரண வீட்டுத் தெருவில் கட்டிய வெள்ளைக் கொடிகளையும் ஒரே ஊரிற் பார்க்கும் நமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

குறியீட்டை எப்படி வாசிப்பது என்பதற்கும் நாவலுக்குள்ளேயே ஒரு காட்சி இருக்கிறது. வெண்திமிங்கிலத்தை முதலிற் காண்பவனுக்கென்று ஆகாப் பாய்மரத்தில் ஒரு பொன் நாணயத்தை அறைந்து வைத்திருக்கிறான். எக்குவடோர் நாட்டு நாணயம். மூன்று மலைச் சிகரங்கள், ஒன்றிற் தீ, ஒன்றிற் கோபுரம், ஒன்றிற் கூவும் சேவல். மேலே இராசிச் சக்கரம். ஒருவர் பின் ஒருவராக வந்து அதைப் பார்க்கிறார்கள். ஆகாப் மூன்று சிகரங்களிலும் தன்னையே காண்கிறான். பக்திமானான ஸ்டார்பக் திரித்துவத்தைக் காண்கிறான். ஸ்டப் இராசிகளை மனித வாழ்வின் கட்டங்களாகப் படித்து மகிழ்கிறான். பிளாஸ்க் என்பவனுக்கு அது பதினாறு டொலர்; இரண்டு சதச் சுருட்டு 960 வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறான். (வகுத்துப் பார்த்தால் 800தான் வருகிறது. எங்கள் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைக்காரர் இந்தக் கணக்கை ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.) கடலிற் கைவிடப்பட்டுச் சித்தம் கலங்கிய சிறுவன் பிப் கடைசியாக வந்து, நான், நீ, அவன் என்று 'பார்த்தல்' வினையை இலக்கணப் பாடம்போல ஒப்புவித்துவிட்டுப் போகிறான். யார் சொன்னது சரி என்று மெல்வில் தீர்ப்பளிக்கவில்லை. வெள்ளைத் திமிங்கிலம் கடவுளா, சாத்தானா, இயற்கையா என்று பரீட்சை வினாவுக்கு விடை தேடுவோர், அந்த வினாவை எடுக்குமுன் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படிக்கலாம்.

நூலை மெல்வில் தமது நண்பர் நத்தானியல் ஹோதோர்னுக்குச் சமர்ப்பித்திருந்தார். 1850இல் 'செவ்வெழுத்து' நாவலை எழுதியவர் ஹோதோர்ன். ஒரு பெண்ணின் மார்பில் தைக்கப்பட்ட ஒற்றை எழுத்தைக் கொண்டே ஒரு சமூகத்தைக் காட்டியவர். 1852 ஜனவரியில் ஹோதோர்னின் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், முழு நூலையும் உருவகமாகக் கொள்ளலாம் என்ற மங்கலான எண்ணம் எழுதும்போதே தமக்கு இருந்ததாகவும், அது தெளிவானது அவர் கணவரின் கடிதத்தைப் படித்த பின்பே என்றும் மெல்வில் ஒப்புக்கொள்கிறார். குறியீட்டை முன்கூட்டியே வரைபடம் போட்டு எழுதவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 'குறியீட்டுவாதம்' என்று ஓர் இயக்கத்துக்குப் பெயர் சூட்டி ஜான் மொரேயாஸ் பாரிஸ் பத்திரிகையொன்றில் அறிக்கை வெளியிட்டது 1886இல்; மொபி டிக் வந்து 35 ஆண்டுகளின் பின்.

அப்போது மொபி டிக்கை நினைப்பார் அதிகமில்லை. அமெரிக்காவில் ஆசிரியரின் வாழ்நாளில் விற்றவை மூவாயிரத்துச் சொச்சப் பிரதிகள். 1853 டிசம்பரில் ஹார்ப்பர் நிறுவனத்தில் ஏற்பட்ட தீயில், விற்காமற் கிடந்த பிரதிகளும் எரிந்தன. மெல்வில் 1866 முதல் 1885 வரை நியூயோர்க் துறைமுகத்திற் சுங்கப் பரிசோதகராக வேலை பார்த்தார், 1891இல் காலமானார். 1919இல் வந்த நூற்றாண்டு நினைவே மீண்டும் அவர் பக்கம் கவனத்தைத் திருப்பியது. 1921இல் ரேமண்ட் வீவர் எழுதிய வாழ்க்கை வரலாறும், 1923இல் டி. எச். லோரன்ஸ் எழுதிய கட்டுரைகளும் நாவலை மீட்டெடுத்தன. அதன்பின் ஒவ்வொரு தலைமுறையும் பாய்மரத்து நாணயத்தின் முன் வந்து நின்றது எனலாம்.

அவற்றுள் என்னைக் கவர்ந்த வாசிப்பு ஒன்றை மட்டும் சொல்கிறேன். திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்ஸிய எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1952இல் அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்படுவதற்காகத் தடுத்துவைக்கப்பட்டார். தடுப்பிலிருந்தபடியே மொபி டிக் பற்றி ஒரு நூலை எழுதினார். அது 1953இல் வெளிவந்தது. ஆகாப்பை அவர் இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகாரியாகக் கண்டார். அதைவிட முக்கியம், மற்ற விமர்சகர்கள் திமிங்கிலத்தையும் ஆகாப்பையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண் கப்பலின் தொழிலாளர் மீது போயிற்று: பல தேசத்தவர், பல நிறத்தவர், கொழுப்பை உருக்கி, ஈட்டியெறிந்து, ஒருவரின் வெறிக்காக மூழ்கிப்போனவர்கள். தம்மோடு அடைபட்டிருந்த பல நாட்டு மனிதரையும் அந்தக் கப்பலிலேயே அவர் கண்டார். அவரை வைத்திருந்த எலிஸ் தீவு நியூயோர்க் துறைமுகத்தில் இருக்கிறது. மெல்வில் பத்தொன்பது ஆண்டுகள் சுங்கப் பரிசோதனை செய்த அதே துறைமுகம்.